காட்டுமாடும் வெள்ளி மெட்டியும்: சேர்வராயன் மலையில் ஓர் உருமாறி காதல் கதை

மனிதன் விலங்காக மாறுகிற கதைதான் உருமாறி கதை. தமிழில் தொடராக வரும் உருமாறி காதல் கதைகளில் நாயகன் பெரும்பாலும் ஓநாய்தான். பச்சைக் கண், பைன் மரக் காடு, கூட்டத் தலைவன் என்கிற "ஆல்ஃபா" பட்டம் எல்லாம் கூடவே வந்துவிடும். கதை ஏற்காட்டில் நடப்பதாக முதல் வரியில் சொல்லிவிட்டு, இரண்டாம் வரியிலேயே பனி மூடிய மேலைநாட்டுக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். நம் நாட்டு ஓநாய் புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் ஓடித் திரிகிற விலங்கு. காபித் தோட்டமும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியுமாக இருக்கிற மலையில் அதற்கு வேலை இல்லை.

ஆல்ஃபா விஷயமும் அப்படித்தான். 1947ல் ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து கிளம்பிய கருத்து அது. 1970ல் டேவிட் மெக் தன் புத்தகத்தில் அதை எடுத்துக்கொண்டதால் உலகம் முழுக்கப் பரவியது. அதே மெக் 1999ல் அதைத் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த ஒரு குடும்பம், அங்கே சண்டை போட்டுப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஆகவே "நான் ஆல்ஃபா, நீ கட்டுப்படணும்" என்று நாயகன் நிற்கும் காட்சிக்குக் காட்டிலிருந்து எந்த ஆதாரமும் கிடையாது.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு ஏற்ற விலங்கு காட்டுமாடு. பேப்பரில் காட்டெருமை என்று போடுவார்கள், ஆனால் அது எருமை இல்லை. சங்கப் பாட்டில் வருகிற ஆமான் இதுதான். வளர்ந்த காளை 900 கிலோவைத் தாண்டும், தோள் உயரம் கிட்டத்தட்ட ஆறடி. உடம்பு முழுக்க எண்ணெய் தடவியது போன்ற கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. மஞ்சு இறங்கிய ராத்திரியில் கொண்டை ஊசி வளைவில் அது நின்றால் உடம்பு தெரியாது. நாலு வெள்ளைக் கால் மட்டும் அந்தரத்தில் நிற்கும். வண்டி வெளிச்சம் பட்டால் கண் மினுங்கும். இவ்வளவு அழகான அறிமுகக் காட்சியை மலையே கொடுக்கும்போது பச்சைக் கண் எதற்கு?

ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்த பிறகு அதன் பழக்கம் மனிதனிடமும் ஒட்டியிருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காட்டுமாடு இலை தழை மேய்வது. ஆகவே நாயகன் கறி சாப்பிட மாட்டான். கல்யாண வீட்டில் மட்டன் பிரியாணி வாசத்துக்கே எழுந்து வெளியே போவான். காட்டுமாடு உப்பு மண்ணைத் தேடிப் போய் நக்கும். ஆகவே மோரில் அவன் போட்டுக்கொள்ளும் உப்பைப் பார்த்து நாயகி முகம் சுளிப்பாள். உருமாறித் திரும்பிய இரவுக்கு மறுநாள் காலையில் அவனுக்கு அகோரப் பசி. சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று அவன் ஏழாவது தட்டுவடை செட்டைக் கேட்கும்போது கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். வாசகருக்கு அந்தத் தட்டு எண்ணிக்கையே போதும், "அவன் சாதாரண மனிதன் அல்ல" என்ற வாக்கியம் வேண்டாம். அதேபோல அவன் உறுமக் கூடாது. உறுமுவது புலி. காளை முக்காரம் போடும், மிரண்டால் மூக்கால் சீறும். கோபம் வந்தால் அவன் மூச்சு பலமாக வெளியேறட்டும், பல்லைக் காட்ட வேண்டியதில்லை.

உருமாற்றத்துக்கு நாலைந்து விதிகளை எழுதத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எதனால் மாறுகிறான், எவ்வளவு நேரம் ஆகிறது, மாறியபின் எது மிஞ்சுகிறது, என்ன விலை கொடுக்கிறான். எடை என்ன ஆகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 75 கிலோ மனிதன் 900 கிலோ காளையாவது எப்படி என்று அறிவியல் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த எடை கதைக்குள் உண்மையாக இருக்க வேண்டும்: அவன் கால் வைத்தால் காபிச் செடி முறியும், ஈர மண்ணில் குளம்பு பதியும், காலையில் மேஸ்திரி அந்தத் தடத்தைப் பார்ப்பார். காயம் இரண்டு உடம்புக்கும் பொது என்று வைத்தால் நல்ல பிடி கிடைக்கும். ராத்திரி முள்வேலியில் கிழிந்த தோள், பகலில் சட்டைக்குள் ரத்தம் கசியும். துணி என்ன ஆகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். மாறும்போது வேட்டி கிழியும் என்றால் மாதத்துக்கு எத்தனை வேட்டி வாங்குகிறான் என்று வாசகர் கணக்குப் போடுவார். களத்து ஓரம் பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு வேட்டியும் சட்டையும் மடித்து வைத்திருக்கிறான் என்று ஒரு வரி எழுதினால் கணக்கு தீர்ந்தது. அந்தப் பெட்டியை நாயகி திறக்கும் அத்தியாயமும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

பௌர்ணமியை நம்பி எழுதினால் நாள்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பௌர்ணமிக்கு இடையே 29 நாளும் அரை நாளும். காபி பூக்கும் மார்ச்சில் கதை தொடங்கிப் பழம் எடுக்கும் நவம்பரில் முடிந்தால் உங்களுக்கு ஒன்பது பௌர்ணமிதான். முழு நிலா சூரியன் மறையும் நேரத்திலேயே எழுந்துவிடும். "நள்ளிரவில் கீழ்வானில் பௌர்ணமி நிலா எழுந்தது" என்று எழுதினால் விரதம் இருக்கிற எந்த அம்மாவும் கதையை அங்கேயே மூடிவிடுவார்.

இனி துணை விஷயம். ஃபேட்டட் மேட், அதாவது விதி சேர்த்துவைக்கும் துணை என்பதைப் புதுச் சரக்கு என்று நினைக்கிறார்கள். தொல்காப்பியம் களவியலில் இதைத்தான் சொல்கிறது: "ஒன்றி உயர்ந்த பாலது ஆணையின் ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப". பால் என்றால் ஊழ். ஊழ் ஆணையிட்டதால் ஒத்த இருவர் ஒருவரை ஒருவர் காண்கிறார்கள். ஊழின் வேலை அந்தக் காண்பதோடு முடிந்துவிடுகிறது, மேலே நடப்பதெல்லாம் அவர்கள் பாடு. அடுத்து வருவது ஐயம். இவள் தெய்வமா, மானிடப் பெண்ணா என்று தலைவன் தடுமாறி, அடையாளம் பார்க்கிறான்: பூவை மொய்க்கும் வண்டு, அணிந்த நகை, கண், அதன் இமைப்பு, அவள் அச்சம்.

உருமாறி கதையில் இதை அப்படியே திருப்பிப் போடலாம். ஐயம் நாயகிக்கு வர வேண்டும், அடையாளம் பார்ப்பது அவளாக இருக்க வேண்டும். இவன் இமைக்கிறானா? வீட்டு நாய் ஏன் இவனைக் கண்டால் வாலைச் சுருட்டுகிறது? பக்கவாட்டில் வருகிற வண்டியைத் திரும்பாமலே எப்படிப் பார்க்கிறான்? ஐந்தாறு அத்தியாயம் இதற்குத் தாராளமாகப் போகலாம். முதல் சந்திப்பிலேயே வாசம் பிடித்து, "நீதான் என் துணை" என்று சொல்லிவிட்டால் இவ்வளவும் வீணாகிறது. அதைவிட மோசமாக, அவள் சம்மதம் கதையில் இருந்தே காணாமல் போகிறது. ஊழ் சொல்லிவிட்டது, உடம்பு ஒத்துக்கொண்டது, ஆகவே அவள் ஒத்துக்கொண்டாள் என்பது காதல் இல்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. அவள் விலகிப் போக முடிகிற இடங்கள் கதையில் குறைந்தது மூன்று இருக்கட்டும்: அடிவாரத்துக்குக் கடைசி பஸ் நிற்கிறது, அவள் ஏறலாம். கதவு திறந்திருக்கிறது, அவள் போகலாம். அவன் கேட்கிறான், அவள் வேண்டாம் என்று சொல்லலாம். ஒருமுறை அவள் பஸ் ஏறிப் போகவும் வேண்டும். இருபது வளைவும் இறங்கி அவள் சேலம் போய்ச் சேர்ந்த பிறகும், பிணைப்பு அவளைத் தண்டிக்கக் கூடாது. காய்ச்சல் வருவது, மயங்கி விழுவது எல்லாம் அவளுக்கு வேண்டாம். நோவு இருந்தால் அது அவனுக்கு இருக்கட்டும். பிறகு அவள் தானாக மேலே வரும் காட்சிக்கு அப்போதுதான் எடை கூடும். அவளுக்கு 25 வயதுக்குமேல் இருக்கட்டும், கையில் ஒரு வேலையும் இருக்கட்டும்.

வாசம் இந்த வகைக் கதைகளின் உயிர். மாடும் பூனை இனமும் மேலுதட்டைச் சுருட்டி மூச்சை உள்ளிழுக்கும், அப்போது வாயின் மேலண்ணத்தில் இருக்கிற தனி உறுப்பு வாசத்தைப் பிரித்தறியும். காளை அப்படித்தான் பசுவின் பருவம் அறிகிறது. மனித முகத்தில் இது மேலுதடு லேசாக ஏறி இறங்கும் ஒரு கணம், அவ்வளவுதான். நாயகி அதைக் கேலிச் சிரிப்பு என்று நினைத்துக் கோபப்பட்டால் முதல் சண்டை தயார். எந்த வாசம் என்பதற்கு மலையின் பருவத்தைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பூ மழை என்கிற கோடை மழை பெய்து 8 முதல் 10 நாளில் காபி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லி மாதிரி வாசம், இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பாகிவிடும். அந்த மூன்று நாளும் அவனால் அவள் வாசத்தைப் பிரித்தறிய முடியாது என்று வைத்துப் பாருங்கள்: ஊழ் காட்டிய வழி அடைபட்டு, அவளை வெறும் மனிதனாகப் பேசிப் பழக வேண்டிய மூன்று நாள். நவம்பருக்குமேல் பழம் எடுக்கும் காலத்தில் பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்திலிருந்து வந்த கொட்டை தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஊறும்போது எழும் புளித்த வாசம் வேறு மாதிரி. நெருக்கமான காட்சிக்கு அந்தப் புளிப்பும் ஈரச் சாக்கும் மரப்புகையும்தான் பொருத்தம். ரோஜாவும் சந்தனமும் அங்கே ஒட்டாது.

அடுத்து சூடு. தமிழில் படுக்கைக் காட்சி எழுதத் தடுமாறுவதற்குக் காரணம் கூச்சம் மட்டும் இல்லை, சொல்தான். புராணச் சொல் போட்டால் கதாகாலட்சேபம் ஆகிறது. தெருச் சொல் போட்டால் வசவாகிறது. ஆங்கிலச் சொல் ஆஸ்பத்திரியை நினைவூட்டுகிறது. இதற்கு வழி, உறுப்புகளின் பெயரைக் குறைத்து வினைச்சொல்லைக் கூட்டுவது. கழுத்து, தோள், முதுகு, உள்ளங்கை, இடுப்பு ஆகிய ஐந்து பெயரே ஒரு முழு அத்தியாயத்தைத் தாங்கும், அவை என்ன செய்கின்றன என்று சரியாகச் சொன்னால். சங்கக் கவிகள் இறைச்சி என்று வைத்திருந்த உத்தி இன்றைக்கும் வேலை செய்கிறது: மலையில் நடப்பதைச் சொல்லி, மனிதரிடையே நடப்பதை உணர்த்துவது. மிளகுக்கொடி மரத்தைப் பற்றியிருக்கும் விதத்தை நிதானமாக இரண்டு வரி எழுதினால் வாசகர் மீதியை அறிவார்.

காட்டுமாட்டு நாயகனுக்கு இன்னொரு வசதி உண்டு. மாட்டின் உடல்சூடு 38.5 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும், மனிதருக்கு 37. மாறித் திரும்பியவன் உடம்பில் அந்த ஒன்றரை டிகிரி கொஞ்ச நேரம் தங்கும் என்று வையுங்கள். சேலத்திலிருந்து வந்த பெண், முன்பின் பழகாத ஆணைத் தொட ஊர் ஒப்புக்கொள்கிற ஒரே காரணம் காய்ச்சல்தான்.

இப்படி ஒரு வரியைப் பாருங்கள்: "அவன் தேகம் காமத் தீயில் கொதித்தது. 'நீ என்னுடையவள்' என்று அவள் செவியில் உறுமினான்." நம் ஊரில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. எந்த ஊர் ஆள், எந்த விலங்கு, எந்த மாதம் என்று எதுவும் இதில் இல்லை. அதே இடத்தை இப்படி எழுதலாம்:

களத்துத் திண்ணையில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தான். டிசம்பர் குளிரில் சட்டை இல்லை. அவன் தோளிலிருந்து ஆவி எழுவதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"காய்ச்சலுங்களா?"

"இல்லீங்க."

புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள். சுட்டது. எடுக்கத்தான் நினைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கைக்குள் நெற்றியை இன்னும் கொஞ்சம் சாய்த்தான்.

"இவ்வளவு சுடுது, இல்லீங்கறீங்க."

"நீங்க கையை எடுத்தா ஆறிடும்."

அவள் எடுக்கவில்லை.

தொட்டது ஒரு நெற்றி மட்டும், ஆனால் எடுக்காத கையில்தான் சூடு இருக்கிறது. கடைசி இரண்டு சொல்லில் அவள் முடிவும் வந்துவிடுகிறது.

இதில் இரண்டு பேரும் "நீங்க" என்று பேசுவதையும் கவனியுங்கள். சேலத்துப் பேச்சில் மரியாதை விகுதி தாராளம். முன்பின் தெரியாதவருக்கு "ங்க" இல்லாமல் வாக்கியம் முடியாது. தமிழ் காதல் கதைக்கு இது பெரிய சொத்து. "நீங்க" என்பது "நீ" ஆகும் கணத்தை முத்தத்துக்கும் மேலாகக் காப்பாற்றி வையுங்கள். முதலில் வழுக்குவது அவளாக இருந்தால் இன்னும் நல்லது. இருட்டில், மூச்சு வாங்கும்போது, தெரியாமல் ஒரு "நீ" விழுகிறது. இரண்டு பேருக்கும் கேட்கிறது. காலையில் மறுபடி "நீங்க" வந்தால் அந்த இரண்டு எழுத்தில் எவ்வளவு வெட்கம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல கதைகளில் முதல் அத்தியாயத்திலேயே நாயகன் "டி" போட்டுப் பேசி இந்தச் சொத்தைத் தொலைத்துவிடுகிறான்.

அளவு: 1,200 சொல் வீதம் 60 அத்தியாயம், ஆக 72,000 சொல் என்று திட்டமிட்டால், நெற்றித் தொடுகை 8ஆம் அத்தியாயம், அவன் மாறுவதை அவள் நேரில் பார்ப்பது 16 வாக்கில், முத்தம் 22, கூடல் 35 தாண்டி. கூடலைப் பரிசாக வைத்தால் கதை அங்கேயே சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு இன்னும் 25 அத்தியாயம் இருக்கிறது, ஆகவே கூடலே புதுச் சிக்கலைக் கொண்டுவர வேண்டும். உதாரணமாக, அதன்பின் அவனால் மாற முடியவில்லை. அல்லது மே மாதம், கோடை விழாக் கூட்டத்தில் மலை பிதுங்கும்போது, நினைத்த நேரத்தில் மாறுகிறான். பிரதிலிபி என்ற இணையதளத்தில் போடுவதானால் வயது எச்சரிக்கையை முதல் அத்தியாயத்தின் தலையிலேயே போட்டுவிடுங்கள்.

மலை மக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்பவர்கள். அவர்களையே விலங்காக மாறும் கூட்டமாகக் காட்டுவது தவறு. குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலில் அவர்கள் கும்பிடும் சாமியைப் படுக்கைக் கதைக்கு இழுப்பதும் தவறு. உருமாறிக் குடும்பத்துக்குக் கற்பனையாக ஒரு எஸ்டேட்டும் ஒரு வம்சமும் தாராளமாக உருவாக்கிக்கொள்ளலாம்.

மலை வேண்டாம், சமவெளி வேண்டும் என்பவர்களுக்கு வாழப்பாடிப் பக்கம் வங்காநரி இருக்கிறது. இரண்டு மூன்று கிலோதான் எடை, வால் நுனி கறுப்பு. ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும் இனம், ஆகவே பிரியாத துணை என்பது இங்கே இயல்பாகவே பொருந்தும். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்து வந்து ஊரார் பார்க்கும் வழக்கம் உண்டு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறை அபராதமும் போடுகிறது. வலையில் சிக்கியது நாயகன், வலை விரித்தது நாயகியின் அண்ணன் என்றால் உங்களுக்கு நாவலின் நடுப்பகுதி முழுக்கக் கிடைத்துவிடும்.

கடைசியாக வெள்ளி. உருமாறிகளை வெள்ளி சுடும் என்பது மேற்கத்தியக் கதைகளிலிருந்து வந்த விதி. மற்ற ஊரில் அது வெறும் தோட்டா. சேலத்தில் அப்படி இல்லை, இது கொலுசு ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வளையம் வளையமாகக் கோத்துப் பற்றவைத்து, மெருகேற்றிக் கொலுசாக்குகிறார்கள். நாயகி அப்படி ஒரு பட்டறைக்காரர் மகளாக இருக்கட்டும். அவள் விரல் நுனியில் எந்நேரமும் வெள்ளித் தூள். அவள் தொட்ட இடமெல்லாம் அவனுக்கு எரியும், அவன் சொல்ல மாட்டான். அவள் வருவதைக் கொலுசுச் சத்தத்தில் அறிகிறவன், அந்தக் கொலுசுக்கே அஞ்ச வேண்டும். விதி ஒன்றை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: எத்தனை டச் (வெள்ளியின் சுத்த அளவு) வெள்ளி எவ்வளவு சுடும். செம்பு கலந்த குறைந்த டச் கொலுசு அரிக்கும், நல்ல வெள்ளி கொப்புளம் போடும் என்பது போல.

இந்த விதி கல்யாணத்தன்றுதான் பழுக்கும். அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை தன் கையால் மெட்டி போட வேண்டும். மெட்டி முழு வளையம் இல்லை, வாய் திறந்திருக்கும். கால் விரலில் ஏற்றிய பிறகு இரண்டு விரலால் அமுக்கி இறுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்துக் குறைந்தது இருபது நொடி அவன் கை வெள்ளியில் இருக்கும். மகளுக்கு மெட்டி செய்தது அவள் அப்பா, கலப்படமில்லாத வெள்ளி. அவள் குனிந்து அவன் காதில், "துணி சுத்திப் போடுங்க, யாருக்கும் தெரியாது" என்கிறாள். ஊர் பார்க்க, அவள் பாதத்தை அவன் தன் உள்ளங்கையில் ஏந்தி, வெறும் விரலால் மெட்டியை எடுக்கிறான். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தோல் கருகும் வாசம் ஓமப் புகையில் கலப்பதை அவள் ஒருத்தி மட்டும் அறியட்டும். இரண்டாவது மெட்டிக்கு அவன் விரல் நடுங்கும்போது, அவள் தன் கையை அவன் கைமேல் வைத்துச் சேர்ந்து அமுக்கட்டும்.